சோத்துக் கைப் பக்கம்

1

இந்தக் கதையை நானாகத் தேடிப் போகவில்லை. எழுதச் சொன்னவர் எனக்கு முடி வெட்டுபவர். கழுத்தில் துணியைக் கட்டி, ஆளை அசையவிடாமல் உட்காரவைத்துவிட்டு ஒருவர் ஒன்றைக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

“தம்பி, நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே. நம்ம மேனேஜரைப் பத்தி ஒண்ணு எழுதுங்களேன். பத்திரிகையில வந்தா கண்ணாடி போட்டு இங்கயே மாட்டிடுறேன்.”

மேனேஜர் என்பது அவருடைய நாய். வயது பதினொன்று. நீள மூக்கு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். கடை வாசலில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரை ஒரு பார்வை பார்க்கும், வேறு எந்த வேலையும் செய்யாது. அதனால்தான் அந்தப் பெயர்.

“எழுதுறேண்ணே” என்று சொல்லிவிட்டேன். ஆனால் மேனேஜரைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். என் அக்காவுக்கும் தெரியும். அக்கா கால்நடை மருத்துவர். மேனேஜருக்கு வைத்தியம் பார்ப்பது அவள்தான். “எங்க அக்காகிட்ட போங்கண்ணே, கையில எடுத்தா முடிக்காம விடமாட்டா” என்று பெருமை பீற்றி அவரை அங்கே அனுப்பியவன் நான்.

இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி எழுதுவது சுலபம். (சுலபமாக இல்லை. பத்து நாளாக இந்த ஒரு பக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள் செய்தேன். மறைக்காமல் கீழே வைக்கிறேன்.

“அன்று காலை மேனேஜர் தும்மியது. தும்மலோடு கடை வாசல்படியில் மூன்று சொட்டு ரத்தம் —” [எடுத்த எடுப்பிலேயே ரத்தமா? பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.]

“நாய்க்கு மூக்குதான் உலகம். நாம் கண்ணால் அறிவதையெல்லாம் நாய் —” [பள்ளிக்கூடக் கட்டுரை. பத்துக்கு ஆறு மார்க்.]

“எங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே கொஞ்சம் மூக்கு நீளம் —” [என் மூக்கைப் பற்றி யார் கேட்டார்கள்?]*

* மூக்கைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஏகப்பட்ட மூக்குகள் வந்து வரிசையில் நிற்கின்றன. அடுத்தவர் விஷயத்தில் நுழைகிற மூக்கு, உடைபடுகிற மூக்கு, மேலே கோபம் ஏறி உட்கார்ந்த மூக்கு, எங்கே என்ன நடந்தாலும் உடனே வேர்த்துவிடுகிற மூக்கு. எல்லாவற்றையும் முதல் பிரதியில் எழுதினேன், எல்லாவற்றையும் அடித்தேன். ஒரு நாய் மூச்சு விடச் சிரமப்படுகிற இடத்தில் நான் சொல்லை வைத்து விளையாடுவது எனக்கே பிடிக்கவில்லை.

ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

3

மேனேஜர் தும்மியது, தும்மினால் ரத்தம் வந்தது. அருகில் இருந்த ஒரு மருந்தகத்தில் மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் நின்றது, பிறகு திரும்பி வந்தது. அப்போதுதான் நான் அக்காவின் முகவரியைக் கொடுத்தேன்.

அக்காவின் அறை சின்னது. நடுவில் ஓர் எவர்சில்வர் மேசை, அதன்மேல் வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பு. ஓரத்தில் எடை பார்க்கும் பலகை. எந்த நாயும் அதன்மேல் ஒழுங்காக நின்றதில்லை. மேனேஜர் நின்றது. நின்றதோடு அக்காவை ஒரு பார்வையும் பார்த்ததாம்.

“ரத்தம் ரெண்டு பக்கமும் வருதா, ஒரு பக்கம் மட்டுமா?”

“ஒரு பக்கம்தான் டாக்டரம்மா.”

“எந்தப் பக்கம்?”

“சோத்துக் கைப் பக்கம்.”

அக்கா கோப்பில் ‘வலது’ என்று எழுதினாள்.

அவள் கண்ணாலும் பார்த்தாள். மேனேஜரின் மூக்கு பளிச்சென்று இருந்தது, ஒரு பொட்டுக் கறை இல்லை. “மூக்கைத் தொடச்சீங்களா?” என்று கேட்டாள்.

“பின்ன? நாலு பேர் வர்ற எடத்துக்கு மூஞ்சியக் கழுவாம கூட்டிட்டு வருவேனா?”

வெந்நீரில் நனைத்த துண்டால் துடைத்து, தாடையோரம் தொங்கிய நாலு முடியையும் கத்தரித்து, சவரம் முடிந்து கன்னத்தில் தடவுகிற லோஷனில் ஒரு சொட்டும் தடவிக் கூட்டி வந்திருந்தார். மாப்பிள்ளை மாதிரி இருந்ததாம். எந்தப் பக்கம் என்று காட்டிக் கொடுத்திருக்கக்கூடிய ஒரே தடயம் அந்தத் துண்டோடு போய்விட்டது.

வயதான நாய், நீள மூக்கு, ஒரு பக்கம் மட்டும் ரத்தம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அக்கா முதலில் நினைப்பது கட்டியைத்தான். “உள்ள என்ன இருக்குன்னு பாத்துடலாம்” என்றாள்.

4

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று எழுதியிருந்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. தாண்டாதீர்கள்.)

நாயின் மூக்கில் வெளியே தெரிவது நுனி மட்டும். உள்ளே அது கண்கள் வரை போகிறது, சுருள் சுருளாக மெல்லிய எலும்பு. அதற்குள் வளரும் கட்டியை வெளியிலிருந்து பார்க்க முடியாது. மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, மூக்குத் துளை வழியாக ஒரு சிறிய கருவியை விட்டு உள்ளிருந்து துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து கண்ணின் உள்மூலை வரை கருவியை வெளியே வைத்து அளந்து, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் மூளை.

அக்கா ஒழுங்காக அளந்தாள், பிளாஸ்திரி ஒட்டினாள், மூன்று துண்டு எடுத்தாள். எல்லாம் வலது துளையிலிருந்து.

எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. தலை கொஞ்சம் சாய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பரிசோதனை முடிவு வந்தது. வெறும் அழற்சி, கட்டிக்கான அடையாளம் இல்லை.

“பயப்பட ஒண்ணும் இல்லைங்க” என்று அவருக்கு ஃபோன் செய்தாள்.

பின்னால் என்னிடம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைன்னா உள்ள ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்லடா. நாம எடுத்த துண்டுல ஒண்ணும் இல்லைன்னுதான் அர்த்தம். சந்தேகம் இருந்தா திரும்ப எடுக்கணும். இதை எனக்குக் கீழ வேலை பாக்குற எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா?”

“அப்புறம் ஏன்க்கா எடுக்கல?”

“நல்ல சேதி வந்தா நம்பிடணும்னு தோணும். எனக்கும் தோணிச்சு.”

5

அதற்கடுத்த ஆறு வாரம் கடையில் ஒரே உற்சாகம். உட்காருகிற ஒவ்வொருவரிடமும், அவர் கேட்கிறாரோ இல்லையோ, “மேனேஜருக்கு ஒண்ணும் இல்லையாம்!” என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். எனக்குத் தலையைப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்துவிட்டார். “எல்லாம் உங்க அக்கா புண்ணியம்.” நானும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கு வாங்கிக்கொண்டேன்.

தும்மல் மட்டும் நிற்கவில்லை. அழற்சி என்றால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று அவரும் நினைத்தார், அக்காவும் நினைத்தாள். மேனேஜர் தூங்கும்போது குறட்டை விட ஆரம்பித்தது. பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

6

ஏழாவது வாரம், கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அவர் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினார். ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அந்தக் கண்ணுக்குக் கீழே மூக்குத்தண்டு லேசாக மேடு தட்டியிருந்தது.

காற்று எந்தத் துளையில் போகிறது, எதில் போகவில்லை என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. குளிர்ந்த கண்ணாடித் துண்டை மூக்குக்குக் கீழே பிடித்தால் மூச்சு படுகிற இடத்தில் ஆவி படியும். அக்கா கண்ணாடித் துண்டைத் தேடினாள். அவசரத்துக்குக் கைக்கு அகப்படவில்லை. அதற்குள் அவர் மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்துவிட்டார். பின்கழுத்தை வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு வைத்திருக்கிற கண்ணாடி. ஓடி வந்த வேகத்தில் அதை வைத்துவிட்டு வர மறந்திருந்தார்.

மேனேஜருக்கு எதிரே குனிந்து அவரே கண்ணாடியைப் பிடித்தார். ஒரு பக்கம் மட்டும் வட்டமாக ஆவி படிந்தது.

“பாத்தீங்களா டாக்டரம்மா? சோத்துக் கைப் பக்கம்தான் ஆவியே வரல. நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

அக்கா பார்த்தாள். ஆவி படியாதது அவருடைய வலக்கைப் பக்கம். அவரோ நாய்க்கு எதிரே நிற்கிறார். அப்படியானால் நாய்க்கு அது இடது. அவள் துண்டு எடுத்தது வலதில்.

அன்று மாலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, “நாய்க்கு ஏதுடா சோத்துக் கை?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பிறகுதான் உட்கார்ந்து முழுவதையும் சொன்னாள்.

7

இப்போது என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும்.

என் முதல் பிரதியில் இந்த இடம் இப்படி இருந்தது. “முடி வெட்டுபவர் இடம் வலம் தெரியாத அப்பாவி. வாய் தவறி அவர் சொன்ன ஒரு வார்த்தையால் —”

அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். மருந்துச் சீட்டில் பிழையை அடிக்கிற மாதிரி, ஓரத்தில் கையெழுத்தும் வைத்தாள்.

“அவரு அப்பாவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முப்பது வருஷத்துல ஒரு கிருதா கூட ஏத்த எறக்கமா வெட்டாத மனுஷன். இடம் வலம் தெரியாமயா?”

“அப்ப யாருதான் தப்பு?”

“யாரோட சோத்துக் கைன்னு நான் கேக்கல. அவரு ஏன் கேக்கணும்? கேக்க வேண்டியது என் வேலை.”

அவள் போன பிறகு யோசித்தேன். நாற்காலிக்குப் பின்னால் நின்று வேலை செய்கிறவருக்கு, உட்கார்ந்திருப்பவரின் வலதும் தன்னுடைய வலதும் ஒரே பக்கம். எதிரே கண்ணாடியிலும் அதே பக்கம். முப்பது வருடமாக அவருக்கு ஒரே ஒரு வலதுதான் இருந்திருக்கிறது. நாயின் மூக்கைத் துடைக்கும்போது மட்டும்தான் எதிரே குந்துகிறார். அக்காவுக்கோ எப்போதும் நோயாளியின் வலதுதான் வலது. இருவரும் சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள். இதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையாக அவளிடம் ஃபோனில் சொன்னபோது, “விளக்கம் நல்லாருக்கு. ஆறு வாரம் திரும்பி வருமா?” என்று கேட்டாள்.

8

அக்கா அதன்பின் ஒரு நாளும் தள்ளவில்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தாள், இடது பக்கத்திலிருந்து துண்டு எடுக்கச் செய்தாள். புற்றுக்கட்டி. கண்ணோரத்து எலும்பை அரிக்க ஆரம்பித்திருந்தது.

அவரை உட்காரவைத்துச் சொன்னாள். மூக்குக்குள் இருப்பதை வெட்டி எடுத்தால் மட்டும் பெரிய பயன் இல்லை, மிச்சம் இருந்துவிடும். கதிர்வீச்சு கொடுக்கலாம். வாரம் ஒரு தடவை, நான்கு வாரம், அசையாமல் படுக்க ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து. “இது முழுசா குணமாக்குற வைத்தியம் இல்லைங்க. வலி குறையும், நல்லா மூச்சு விடும், கொஞ்ச காலம் கெடைக்கும். மாசக் கணக்குதான். சிலதுக்கு வருஷம் தாண்டும்.”

“மூச்சு நல்லா விடுமா?”

“விடும்.”

“அது போதும். செய்ங்க.”

நான்கு தடவையும் அக்கா கூடவே வேனில் போனாள். அது அவள் வேலை இல்லை. வேனின் பின் இருக்கையில் மேனேஜரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே வருவாராம். “இப்படி ஒரு டாக்டரை எங்கயும் பாக்க முடியாது. தங்கமான மனுஷி.” அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பக்கம் மாறியதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் கேட்டேன். “நடுவுல சொன்னா நம்பிக்கை போயி, வைத்தியத்தை விட்டுடுவாரோன்னு பயம்டா” என்றாள். வைத்தியம் முடிந்த பிறகு? ரத்தம் நின்றுவிட்டது, மேடு வற்றிவிட்டது, குறட்டை இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது? நாள் போகப் போகச் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கதிர் பட்ட இடத்தில் மேனேஜருக்கு மூக்கின்மேல் ஒரு பட்டையாக முடி கொட்டிவிட்டது. “ஊருக்கெல்லாம் முடி வெட்டுறேன், எங்க வீட்டு ஆளுக்கு வழுக்கை, பாருங்க தம்பி” என்று சிரித்துக்கொண்டே என் கழுத்தில் துணியைக் கட்டினார். அப்போதுதான் கதை எழுதச் சொன்னார்.

9

அந்த ஆறு வாரத்தை விட்டுவிட்டு எழுதினால் இது பொய். சேர்த்து எழுதினால், தன் கடைச் சுவரில் தானே மாட்டிய பக்கத்திலிருந்து அவர் அதைத் தெரிந்துகொள்வார். அக்கா அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். “இது வெளிய வர்றதுக்குள்ள நான் போய்ச் சொல்லணும். நீ சும்மா கூட வா, வாயைத் திறக்காத” என்றாள்.

(முதலில் இந்தக் காட்சியில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவர் கையில் சவரக் கத்தி, அது என் கழுத்தில். விறுவிறுப்புக்காகச் சேர்த்தது. உண்மையில் நான் ஓரத்துப் பெஞ்சில் ஒரு பழைய வார இதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.)

திங்கட்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லை. அக்காவைக் கண்டதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் தட்டித் துடைத்து, “உக்காருங்க டாக்டரம்மா” என்றார். அவள் அதில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் அவர் அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இருவரும் கண்ணாடியில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

“முதல் தடவை நான் தப்பான பக்கத்துல துண்டு எடுத்தேன். அதனாலதான் ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. அதனாலதான் ஆறு வாரம் போச்சு.”

அவர் சீப்பை எடுத்தார், திரும்ப வைத்தார்.

“நான் பக்கத்தை மாத்திச் சொல்லிட்டேனா?”

“இல்லைங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான் கேட்டிருக்கணும், கேக்கல. தெரிஞ்ச அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், அதையும் சொல்லல. மன்னிச்சுக்குங்க.”

“ஆறு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா?”

“எலும்பு அரிக்கிறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சிருக்கலாம். இன்னும் கொஞ்ச காலம் கூடக் கெடைச்சிருக்கலாம். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது.”

வாசலில் மேனேஜர் எழுந்து, சோம்பல் முறித்து, மறுபடி படுத்தது.

இந்த மௌனத்தை நிரப்ப நான் எழுதிப் பார்த்தவை:

(அ) “‘அந்த ஆறு வாரம் நாங்க நிம்மதியா இருந்தோம் டாக்டரம்மா, அதை யாரு குடுத்தா?’ என்றார் அவர், கண் கலங்க.” [அக்காவைக் காப்பாற்ற நான் அவர் வாயில் திணித்த வசனம். அவர் சொல்லவில்லை.]

(ஆ) “‘வெளிய போங்க’ என்றார்.” [சொல்லியிருந்தால் நியாயம். அதையும் சொல்லவில்லை.]

அவர் கேட்டது இதுதான். “வியாழக்கிழமை பத்து மணிக்கு மேனேஜருக்கு செக்கப் எழுதிக் குடுத்திருக்கீங்களே. அதுக்கு யாரைப் பாக்கணும்?”

அக்கா கண்ணாடியிலேயே அவரைப் பார்த்துச் சொன்னாள். “பெரிய ஆஸ்பத்திரியிலயும் பாப்பாங்க. நல்லாப் பாப்பாங்க. எங்கிட்ட வந்தா நான் பாப்பேன். நீங்கதான் சொல்லணும்.”

அதற்குள் ஒருவர் சவரத்துக்கு வந்துவிட்டார். அக்கா எழுந்து வெளியே போனாள். நான் அவள் பின்னால் போகும்போது என்னை மட்டும் கூப்பிட்டார்.

“தம்பி, எழுதுறதா இருந்தா நடந்தபடியே எழுதுங்க. மேனேஜரை மட்டும் கதையில சாகடிச்சுடாதீங்க.”

10

இன்று புதன்கிழமை. இதை இன்றே அனுப்பிவிடப் போகிறேன். நாளை நடப்பதைப் பார்த்துவிட்டு முடிவை எழுதலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்துவிட்டால் அதற்குத் தகுந்தாற்போல் முந்தைய ஒன்பது பகுதிகளையும் திருத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். வந்துவிட்டார் என்றால் அக்காவைக் கொஞ்சம் உயர்த்துவேன். வரவில்லை என்றால் அவரைக் கொஞ்சம் கல்நெஞ்சக்காரராக்குவேன்.

முடிவு எழுத எனக்கு வரி கிடைக்காமல் இல்லை. “கதவு திறந்தது, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் —” என்று எழுதினால் போதும். எழுதி, அடித்துவிட்டேன். அவர் அக்காவிடம் போக வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமை என் பேனாவுக்கு இல்லை. நம்பி ஒருமுறை ஏமாந்தவர் அவர். பதினோரு வருடம் கூடவே இருந்த உயிர் அவருடையது.

உங்களைக் கேட்கிறேன். நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் நாளைக் காலை மேனேஜரை எங்கே கூட்டிப் போவீர்கள்? தப்பை ஒத்துக்கொண்ட கையிடமா, தப்பே செய்யாத புதுக் கையிடமா? சட்டென்று சொல்லிவிடாதீர்கள். நான் மூன்று நாளாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சற்று முன் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். நாளைக்குக் கூட்டம் எப்படி என்று சும்மா கேட்டேன். காலையில் ஒரு பூனைக்குத் தையல் பிரிக்க வேண்டும், பதினொரு மணிக்கு இரண்டு குட்டிகளுக்குத் தடுப்பூசி என்றாள். பத்து மணிக்கு அவள் வேறு யாரையும் வரச் சொல்லவில்லை.